நீலத்திரை கூறும் எண்

இராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரம், நைட்டி தைப்பதிற் பெயர்பெற்ற ஊர். அங்கொரு தையற்கூடத்தின் கூலிக்கணக்கு யாவும், 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி கொண்ட பழங்கணிப்பொறியிலேயே இருந்தன. அவ்வமைப்பிற்கு மைக்ரோசாப்ட்டார் 2014 ஏப்ரலுடன் ஆதரவை நிறுத்திவிட்டனர். விடுமுறையில் நாம் சென்றிருந்த காலை, அப்பொறி அடிக்கடி நீலத்திரை காட்டி நின்றது. “எல்லாம் அழித்துப் புதிதாய்ப் பதிந்துவிடலாமா?” என்றார் உரிமையாளர். வேண்டா என்று தடுத்தோம். கணக்கிற்கு வேறு படி இல்லை.

நீலத்திரையின் எண் நோயின் பெயரன்று. வலி தோன்றிய இடமே. சுழிகள் பல முன்னிற்க, 24 என முடிவது வன்தட்டின் கோப்பமைப்பில் இடர் என்பது; 50 என முடிவது, நினைவகத்தில் இல்லாத பகுதியை ஏதோவொரு நிரல் நாடிற்று என்பது. ஓரெண்ணைக் கண்டு முடிவு கட்டலாகாது. பொறி தானே மறுதொடக்கம் செய்யும் ஏற்பாட்டை நிறுத்தி, எண்களைக் குறித்து வருக. எண்ணும் உடன்தோன்றும் கோப்பின் பெயரும் மாறாதிருப்பின், அதற்குரிய டிரைவர் நிரலை ஐயுறலாம். எண்கள் வேளைக்கொன்றாய் மாறின், ராம் எனும் நினைவகப் பலகையையோ மின்வழங்கியையோ ஐயுறுக.

இங்கு மும்முறைக்கு மூன்றெண்கள். ராம் பலகைகள் இரண்டு. ஒன்றைக் கழற்றி இயக்கினோம்; மீண்டும் நீலத்திரை. மற்றதை மட்டும் பொருத்தினோம், பொறி நிலைத்தது. அதன்பின்னரே கணக்கைப் படியெடுத்தோம். பழுதுற்ற நினைவகத்தின் வழி எடுக்கும் படியும் பழுதாகக் கூடும். (பலகையின் முனைகளை ரப்பரால் தேய்க்கும் கடைவழக்கம் சிலகாற் பலிப்பதுண்டு, இங்குப் பலித்திலது.) கழற்றிய பலகையை வேறொரு பொறியிலிட்டு, மெம்டெஸ்ட் நிரலை இரவு முழுதும் ஓட்டினோம். விடியலில் திரை நிறையச் செவ்வரிகள்.