பழைய ஆம்ப்ளிஃபையரும் ஒரே ஒரு படமும்

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்தபின், கல்யாணில் இருந்த எங்கள் வீட்டை விட்டு அருகிலேயே சற்றுச் சிறிய வீட்டிற்கு மாற நேர்ந்தது. எண்பதுகளில் எங்கள் தந்தையார் வாங்கிய ஆம்ப்ளிஃபையருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் புதிய இடத்தில் வசதியில்லை. இணையத்தில் விற்பதென முடிவாயிற்று. கூடத்து விளக்கொளியில் ஒரே ஒரு படம் எடுத்து, ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று மூன்று சொற்களோடு விளம்பரமிட்டோம்.

நாசிக்கிலிருந்து ஒருவர் ஞாயிறு காலை பஞ்சவடி எக்ஸ்பிரஸில் வந்து சேர்ந்தார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒலிக் குமிழைத் திருப்பியதும் வலப்புற ஸ்பீக்கரில் கரகரவென்று ஓசை எழ, நிமிர்ந்து பார்த்தார். “இது உங்களுக்கு முன்பே தெரியாதா?” என்றார். தெரியும், பல ஆண்டுகளாகவே தெரியும். குமிழைச் சற்று அழுத்திப் பிடித்தால் சரியாகிவிடும் என்பதும் தெரியும். அவர் பேரம் பேசவில்லை. தேநீரை அருந்திவிட்டு, “எழுதியிருந்தால் வேண்டிய சாமான்களோடு வந்திருப்பேனே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். அவருடைய ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கிவிட்டோமே என்ற உறுத்தல் எங்களுக்கு நெடுநாள் நீங்கவில்லை.

மறுவாரம் விளம்பரத்தைப் புதிதாக எழுதினோம். இம்முறை சன்னலோரப் பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல் படங்கள் எடுத்தோம். இத்தகைய கருவிகளில் முன்பக்கத்தைவிடப் பின்பக்கமே அதிகம் பேசுகிறது. மாடல் எண் அங்கேதான் உள்ளது. வாங்குவோர் அந்த எண்ணைக் கொண்டுதான் தேடுகிறார்கள். மின்னழுத்தமும் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த கருவி 100 அல்லது 120 வோல்ட்டுக்கானதாக இருந்தால், நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகிய கணமே பழுதாகிவிடக்கூடும். இசைத்தட்டுக் கருவியானால் இன்னொரு சிக்கலும் உண்டு. 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் வேகத்தையே நம்பிச் சுழலும் மோட்டார், நம் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகிவிடும். நிமிடத்திற்கு 33 சுற்றுகள் சுற்ற வேண்டிய தட்டு ஏறத்தாழ 28 சுற்றுகளே சுற்றும். மின்மாற்றி வைத்தாலும் இது தீராது. பின்பக்கப் படம் ஒன்று இருந்தால் வாங்குபவர் இதையெல்லாம் தம் வீட்டிலிருந்தே கண்டுகொள்வார்.

ஸ்பீக்கரின் துணித்திரையைக் கழற்றிவிட்டுப் படமெடுப்பது அவசியம். கூம்பைச் சுற்றியுள்ள நுரை விளிம்பு காலப்போக்கில், அதிலும் கடலோர ஈரப்பதத்தில், பொடிப்பொடியாக உதிரும். திரை மூடியிருக்கும் படத்தைப் பார்த்து, விவரமறிந்தவர் பணம் தரமாட்டார்.

குறைகளை முதல் வரியிலேயே எழுதினோம். வலப்புறக் கரகரப்பு, மேல்மூடியில் பூந்தொட்டி வைத்த வட்டத் தழும்பு, தொலைந்துபோன ஒரு திருகு. கரகரப்பைச் சரிசெய்யும் செலவையும் கணக்கிட்டு விலையில் கழித்தோம். கருவி ஓடும்போது எடுத்த சிறு காணொளி ஒன்றையும் சேர்த்தோம். தேதி எழுதிய காகிதத் துண்டைக் கருவியின்மேல் வைத்து ஒரு படமும் எடுத்தோம். பொருள் உண்மையிலேயே நம் கையில் இருக்கிறது என்பதற்கு அது சான்று. பின்னால் மேசைமேல் கிடந்த மின்கட்டண ரசீதைத் தற்செயலாகத்தான் கவனித்தோம். முகவரியும் பெயரும் தெளிவாகத் தெரிந்தன! அந்தப் படத்தை அழித்துவிட்டு மீண்டும் எடுத்தோம்.

விளம்பரம் வெளியான ஒரு மணி நேரத்திற்குள் ஒருவர் கேட்ட விலைக்கே சம்மதித்தார். தாம் ராணுவத்தில் பணிபுரிவதாகவும், அனுப்பும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணை இட்டால் பணம் வந்துவிடும் என்றும் எழுதினார். கரகரப்பைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. எங்களுக்கு ஐயம் எழுந்தது அதனால்தான். யுபிஐ வழியே பணம் பெறுவதற்குப் பின் எண்ணும் தேவையில்லை, ஸ்கேன் செய்யவும் வேண்டியதில்லை. இவ்விரண்டும் பணம் செலுத்துவதற்கானவை. பணம் அனுப்பியதாகக் காட்டும் திரைப்படத்தையும் நம்பலாகாது. கணக்கில் இருப்புத்தொகையைப் பார்த்த பின்னரே பொருளைக் கொடுக்க வேண்டும். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் தருவதோடு, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு கூடும்.

புதிய விளம்பரத்தை, மன்னிப்புக் கேட்டு, நாசிக் நண்பருக்கும் அனுப்பியிருந்தோம். நான்கு நாள் மௌனம். பிறகு ஒரே ஒரு கேள்வி: இடப்புறமும் கரகரக்கிறதா? இல்லை என்று இன்னொரு காணொளி எடுத்து அனுப்பினோம்.

அடுத்த ஞாயிறன்று திருப்புளியும் கான்டாக்ட் கிளீனர் குப்பியும் எடுத்துக்கொண்டு வந்தார். மின்னிணைப்பைத் துண்டித்து, சற்று நேரம் காத்திருந்து, மூடியைத் திறந்து, குமிழின் அடியில் சிறிது தெளித்து, இருபது முப்பது முறை முன்னும் பின்னுமாகத் திருப்பினார். மீண்டும் இயக்கியபோது ஓசை பெரும்பாலும் அடங்கியிருந்தது. கழித்த தொகையைத் திரும்பச் சேர்த்துத் தருவதாக அவரே சொன்னார், நாங்கள் வாங்கிக்கொள்ளவில்லை. பணம் அனுப்பியதும், கைபேசியில் இருப்பைச் சரிபார்க்க எங்களுக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது. “பாருங்கள், பாருங்கள், பார்த்தே தீர வேண்டும்” என்று சிரித்தார் அவர். பார்த்துவிட்டு, ஸ்பீக்கருக்கு ஒருவராகத் தூக்கிக்கொண்டு ஆட்டோவை நோக்கிக் கீழே இறங்கினோம்.