உசாத்துணைப் பட்டியலும் பல்கலைக்கழக முறையும்



ஆய்வேடு எழுதி முடித்தவர்க்கு இறுதியில் வந்து சேரும் துன்பம் யாது என்று வினவினால், பெரும்பாலார் உசாத்துணைப் பட்டியலையே சுட்டுவர். எனக்குத் தெரிந்த மாணாக்கர் ஒருவர் நான்கு ஆண்டுகள் அரிதின் முயன்று வரலாற்றுத் துறையில் ஓர் ஆய்வேடு சமர்ப்பித்தார். ஆய்வின் பொருள் பற்றித் தேர்வாளர் குறையொன்றும் கூறவில்லை. ஆயினும் ஏடு திரும்பி வந்தது. ஆண்டு அடைப்புக்குறிக்குள் இல்லை, ஆசிரியர் பலராயுள்ளவிடத்து ‘பிறரும்’ என்று சுருக்கவில்லை, சஞ்சிகையின் பெயர் சாய்வெழுத்தில் இல்லை என்பனவே காரணங்கள். இருநூறுக்கு மேற்பட்ட குறிப்புக்களை மூன்று இரவுகள் கண்விழித்துக் கையாலே திருத்தினார். பழைய பிழைகள் நீங்கிய இடத்திற் புதிய பிழைகள் சில புகுந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இம்முறைகள் எங்கிருந்து வந்தன? ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இட்டுக் காட்டும் வழக்கத்தை, ஹாவாட் பல்கலைக்கழக விலங்கியலறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் மார்க் என்பார் 1881ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றிற் காண்கின்றோம். ஓடில்லா நத்தையொன்றின் முட்டை கருவுற்றுப் பிளவுபடுவதைப் பற்றிய கட்டுரை அது! நத்தையை மறந்துவிட்ட உலகம் அடைப்புக்குறியை மறக்கவில்லை. சிக்காகோ முறைக்கு 1906ஆம் ஆண்டு முதல் ஒரு கைந்நூல் உண்டு. வான்கூவர் முறை, மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்கள் 1978இல் அந்நகரிற் கூடியதன் விளைவு. ஹாவாட் முறை என வழங்குவதற்கோ அதிகாரம் பெற்ற நூல் ஒன்றேனும் இல்லை. ஆகவே ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென ஒரு ஹாவாட் முறையை வகுத்துக்கொள்கின்றது. ஓரிடத்திற் காற்புள்ளி, மற்றோரிடத்தில் முற்றுப்புள்ளி.

இத்தொல்லையைக் கணினியிடம் ஒப்படைக்க எழுந்தவையே உசாத்துணை முகாமை மென்பொருள்கள். அவற்றுள் சொட்டெரோ என்பது அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்துள்ள ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006இல் வெளிவந்தது, இலவசமாகக் கிடைப்பது. அச்சுக்கூடத்திலே எழுத்துக்கள் தத்தம் அறைகளிற் கிடப்பதுபோல, இம்மென்பொருளில் ஆசிரியர் பெயர், நூற்பெயர், ஆண்டு, பதிப்பகம், பக்கம் என்பன தனித்தனி அறைகளிற் கிடக்கும். அவற்றை எவ்வரிசையில், எக்குறியிட்டுக் கோப்பது என்பதைச் சொல்வது வேறொரு கோப்பு. அதனைப் பாணிக் கோப்பு என்போம். புவியியலறிஞர் புரூஸ் டார்க்கஸ் என்பார் தொடக்கி வைத்த ‘மேற்கோட் பாணி மொழி’யில் அது எழுதப்படும். அம்மொழியில் அமைந்த பதினாயிரத்துக்கு மேற்பட்ட பாணிகள் ஒரு பொதுக் களஞ்சியத்தில் உள, எவரும் எடுத்தாளலாம்.

இத்தனை இருந்தும் நம் பல்கலைக்கழகத்தின் பாணி அங்கே இல்லையாயின் என் செய்வது? நாமே ஆக்க வேண்டியதுதான். வெறுந்தாளிலிருந்து தொடங்குவது வீண் வேலை. கைந்நூலில் உள்ள மாதிரிகளோடு பெரிதும் ஒத்துவரும் பாணியொன்றைத் தேர்ந்து, அதனைப் படியெடுத்து மாற்றுதலே அறிவுடைமை. முதற்கண் பெயரையும் அடையாளக் குறியீட்டையும் மாற்றுக. குறியீட்டைப் பழையபடியே விட்டுவிட்டால், களஞ்சியத்திலுள்ள மூலப் பாணி புதுப்பிக்கப்படும்போது மென்பொருள் அதனைக் கொணர்ந்து நம் திருத்தங்களின்மேல் எழுதிவிடும். பல நாள் உழைப்பு ஒரு கணத்தில் மறையும்.

அடுத்து, கோப்பின் உள்ளமைப்பைப் பார்ப்போம். பந்திக்குள்ளே வரும் மேற்கோளுக்கு ஒரு பகுதியும், இறுதியில் வரும் பட்டியலுக்கு ஒரு பகுதியும் உள. ஆசிரியர் பெயரை அமைக்கும் விதி போன்று பலவிடத்தும் பயன்படுவனவற்றை ஒருமுறை எழுதிப் பெயரிட்டு வைத்து, வேண்டுமிடத்து அழைக்கலாம். ஆசிரியர் நால்வரானால் முதல்வரை மட்டும் காட்டுக என்பதற்கு இரண்டு எண்களை மாற்றினாற் போதும். ஒருவரே ஓராண்டில் இரு நூல்கள் எழுதியிருந்தால் ஆண்டோடு ஓரெழுத்தைச் சேர்த்துப் பிரித்தறியுமாறும் பணிக்கலாம்.

புதியவர் இடறி விழுமிடம் நிறுத்தக் குறிகளே. நூற்பெயருக்குப் பின் ஒரு காற்புள்ளி, தொகுதி எண்ணைச் சூழ அடைப்புக்குறி என்று குறிகளைத் தனியே எழுதிவிடுவர். தொகுதி எண் உள்ளவரை எல்லாம் செவ்வனே நடக்கும். எண் இல்லாத சஞ்சிகையொன்று வந்ததும் வெற்று அடைப்புக்குறி பல்லிளித்து நிற்கும். குறியை அவ்வக்கூற்றின் முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ கட்டிவிட்டால், கூறு இல்லாதபோது குறியும் உடன் மறையும். கூறுகளுக்கு இடையில் வரும் குறியைத் தொகுதி முழுமைக்கும் பிரிப்பானாக விதித்தால், இருப்பனவற்றின் நடுவே மட்டும் அது தோன்றும். இவ்வொன்றை உணர்ந்தவர் பாதி வேலையை முடித்தவராவர்.

இனித் தமிழ்ப் பெயர்களுக்கு வருவோம். இம்மென்பொருள்கள் குடும்பப் பெயர், இடுபெயர் என இரண்டு அறைகளை வைத்துள்ளன. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அவர்களை எடுத்துக்கொள்க. சிவத்தம்பி என்பது அவருடைய பெயர். கார்த்திகேசு தந்தையார் பெயர். தந்தையார் பெயர்தானே குடும்பப் பெயர் என்று எண்ணி ஒருவர் அறைகளை மாற்றி நிரப்பினால், பட்டியலில் நூலாசிரியராக நிற்பவர் கார்த்திகேசு ஆகிவிடுவார். எத்தனை நுட்பமாக எழுதிய பாணியாலும் இப்பிழையைத் திருத்த இயலாது. பாணி, அறையில் உள்ளதை அடுக்குமேயன்றி ஆளை அறியாது. முழுப் பெயரையும் ஒரே அறையில் இடவும் வசதி உண்டு. அப்போது பெயர் இட்டபடியே வரும், ஆனால் ‘கா. சிவத்தம்பி’ என்பது தலையெழுத்தால் ககர வரிசைக்குச் சென்றுவிடும். சிவத்தம்பி என்பதை முதலறையிலும் ‘கா.’ என்பதை அடுத்ததிலும் இடுவதே எனக்கு உகந்ததாகத் தோன்றுகின்றது. சகர வரிசையில் தேடுவோர் அவரை அங்கே காண்பர்.

பாணி அமைந்தபின் நூலொன்றை மட்டும் வைத்துச் சோதித்தல் போதாது. பதிப்பாசிரியரை உடைய தொகுப்பு நூலின் கட்டுரை, பதிப்பிக்கப்பெறாத ஆய்வேடு, நாளிதழ்ச் செய்தி, ஆண்டு தெரியாத ஏட்டுச்சுவடி ஆகியவற்றையும் இட்டுப் பார்க்க வேண்டும். இங்கேதான் கைந்நூலின் குறைகளும் வெளிப்படும். விதி ஒன்று சொல்ல, அதன்கீழ் உள்ள உதாரணம் வேறொன்று காட்டும். அத்தகைய இடங்களைக் குறித்துக்கொண்டு நூலகரிடமோ பட்டப்பின் படிப்புப் பீடத்திடமோ எழுத்தில் விடை பெறுவது நலம். பின்னர்க் கோப்பைக் களஞ்சியத்துக்கு அனுப்பினால், அதனைப் பேணுவோர் பிழை பார்த்துச் சேர்த்துக்கொள்வர்.

நான் முதலிற் கூறிய மாணாக்கர், பட்டம் பெற்ற பின்னர் இதனையே செய்தார். தமக்குத் திரும்பி வந்த ஏட்டிலே தேர்வாளர் சிவப்பு மையால் இட்ட குறிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குறிக்கும் ஒரு விதியாகப் பாணியை அமைத்தார். அடுத்த ஆண்டு அத்துறையில் ஏடு சமர்ப்பித்தவர்கள் அப்பாணியின் பெயரைத் தெரிவு செய்து, பட்டியலை ஒரு நிமிடத்திற் பெற்றுக்கொண்டனர்.