வெயில், வலி மாத்திரை, ஆன்டிபயாட்டிக்... சிறுநீரகம் தாங்குமா?

‘சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை. காய்ச்சலுக்கு ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் கிட்னி கெட்டுப்போகுமா?’ கிராமங்களில் பலருக்கும் இருக்கும் சந்தேகம் இது. ஆரோக்கியமான ஒருவர், மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்கள் மட்டும் சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால், நடவு, அறுவடை நாள்களில் மாத்திரை சாப்பிடும் விதமே வேறு. காலையிலிருந்து வெயிலில் வேலை. குடித்த தண்ணீர் ஒரு சொம்பு. சாயங்காலம் மெடிக்கலில் ‘உடம்பு வலி, காய்ச்சல்’ என்று சொல்லி, கவரில் போட்டுத் தரும் நாலு மாத்திரைகளை விழுங்கிவிட்டு, மறுநாளும் வயலில் இறங்குகிறார்கள். சிக்கல் தொடங்கும் இடம் அதுதான்.

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் சிறுநீராக வெளியேறும். மீதியை நுண்குழாய்கள் உடம்புக்கே திருப்பி அனுப்பிவிடும். நீர் திரும்பப் போகப் போக, குழாயில் மிஞ்சும் மருந்தின் அடர்த்தி கூடுகிறது. சொட்டுநீர்க் குழாயில் உப்பு படிந்து அடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. சல்ஃபா வகை மருந்துகளும், சில நேரம் சிப்ரோஃப்ளாக்சசினும் இப்படிப் படிகங்களாகப் படியக்கூடும். வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிக் கிடக்கும்போது, உப்பு சர்க்கரைக் கரைசலை விட்டுவிட்டு இந்த மாத்திரைகளைத் தேடுவது எவ்வளவு தலைகீழான வைத்தியம் என்பது இதிலிருந்தே புரியும்.

கூடவே வரும் வலி மாத்திரைதான் பல நேரங்களில் பெரிய வில்லன். உடம்பில் நீர் குறையும்போது, சிறுநீரகம் தன் ரத்தக்குழாயை விரித்து ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை அந்த ஏற்பாட்டைத் தடுத்துவிடும். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்ததும், அதனால் 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டதும் கால்நடை வளர்ப்போர் பலருக்குத் தெரிந்த கதை. மனிதருக்குத் தாங்கும் சக்தி அதிகம்தான். ஆனாலும் வெயிலில் வற்றிய உடம்பில் வலி மாத்திரையும், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்தால் ஆபத்து கூடிவிடுகிறது.

‘ஊசி போட்டால்தான் கேட்கும்’ என்பவர்கள் ஜென்டாமைசின் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அமிகாசினும் இதே வகைதான். இவை நுண்குழாய்களின் செல்களுக்குள் சேர்ந்து தங்கிவிடும். அதனால் முதல் ஊசியில் எதுவும் தெரியாது. பெரும்பாலும் ஐந்து, ஏழு நாள்கள் கழிந்த பிறகே பாதிப்பு வெளிப்படும். அப்போதும் சிறுநீர் வழக்கம்போலப் போய்க்கொண்டிருக்கும் என்பதால் சந்தேகமே வராது. மருந்தை நிறுத்தினால் சிறுநீரகம் பெரும்பாலும் மீண்டுவிடும். ஆனால், இதே மருந்தால் காது கேட்காமல் போனால் திரும்புவது கடினம். மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனையோடு கொடுக்க வேண்டிய மருந்து இது. மாட்டுக்கு வாங்கிய குப்பி வீட்டில் இருக்கிறது என்பதற்காக மனிதருக்குப் போடுவது விபரீதம்.

கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான பெயர் கொலிஸ்டின். சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பதாலேயே மனித வைத்தியத்தில் ஒரு காலத்தில் ஓரங்கட்டப்பட்ட மருந்து. மற்ற மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகியதால், வேறு வழியின்றி மருத்துவர்கள் அதை மீண்டும் எடுத்தார்கள். அந்தக் கடைசி ஆயுதமும் மழுங்கிவிடக் கூடாது என்றுதான், உணவுக்கான கால்நடைகள், கோழிகள், மீன் வளர்ப்பு, தீவனம் ஆகியவற்றில் அதைப் பயன்படுத்த 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது.

அமாக்சிசிலின் போன்ற சாதாரண மாத்திரையும் சிலருக்கு ஒவ்வாமையால் சிறுநீரகத்தில் அழற்சியை உண்டாக்கலாம். இது அபூர்வம். அளவு கூடியதால் வருவதல்ல, அந்த உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததால் வருவது. மாத்திரை தொடங்கிய சில நாள்களிலோ வாரங்களிலோ புதிதாகக் காய்ச்சல், தோலில் தடிப்பு, மூட்டு வலி, குமட்டல், கால் வீக்கம், சிறுநீர் குறைதல் என எது தெரிந்தாலும், மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஒருமுறை இப்படி ஆனவர் அந்த மருந்தின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு எந்த மருத்துவரைப் பார்த்தாலும் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் பயந்து, மருத்துவர் எழுதிக் கொடுத்ததைப் பாதியில் நிறுத்தக் கூடாது. சரியாக ஆறாத கிருமித்தொற்றே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சளி, சாதாரணக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் தேவையே இல்லை. அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து.

ரத்தத்தில் கிரியேட்டினின், யூரியா அளவுகளைப் பார்த்தால் சிறுநீரகத்தின் நிலை ஓரளவு தெரிந்துவிடும். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. அதனால் மெலிந்த முதியவர்களுக்குச் சிறுநீரகம் பாதி வேலை செய்தாலும் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றே வரலாம். வயதையும் சேர்த்துக் கணக்கிடும் ‘இ.ஜி.எஃப்.ஆர்’ எண் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.