வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்ட முடியுமா? - கோவை கரிவரதன் காட்டிய வழி!

கரூருக்குப் போகும் சாலைகளில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். கூரை கிடையாது, கதவு கிடையாது, கண்ணாடியும் கிடையாது. நீளமான ஒரு இரும்புச் சட்டம், அதன்மேல் ஓர் இன்ஜின், கீழே டயர்கள். வெயிலுக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு டிரைவர் அதை ஓட்டிப் போவார். பாடி கட்டப் போகும் பஸ் சேஸ் அது. சில வாரங்களில் அதே வண்டி சீட்டும் ஜன்னலும் பெயின்ட்டுமாக முழு பஸ்ஸாகத் திரும்பி வரும்.

ஆக, வண்டியின் பாதியை வாங்கி மீதியை நம் ஊரிலேயே செய்துகொள்வது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. தாராபுரம், காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துப் பட்டறைகளில் டிராக்டர் டிரெய்லரை முழுதாகவே வெல்டிங் வைத்து இறக்கிவிடுவார்கள். கிடைக்காத ஸ்பேர் பார்ட்டை லேத்தில் கடைந்து கொடுத்துவிடுவார்கள். அதனால்தான், யூடியூபில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் வீட்டு கார் ஷெட்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவதைப் பார்க்கும் நம்மூர்ப் பையனுக்கும், “பழைய மாருதி ஒண்ணு வாங்கினா நாமளும் செஞ்சுடலாமே!” என்று தோன்றுகிறது.

செய்யலாமா? செய்யலாம். கோவையில் ஒருவர் செய்தும் காட்டியிருக்கிறார். ஆனால், கட்டிய காரை எங்கே ஓட்டுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வரியை மிச்சம் பிடிக்க வந்த கார்

பாகங்களாக வாங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் காருக்கு ‘கிட் கார்’ என்று பெயர். இதைப் பிரபலமாக்கிய நாடு இங்கிலாந்து. காலின் சாப்மன் என்ற இன்ஜினீயர், 1948-ல் ஒரு பழைய ஆஸ்டின் செவன் காரைப் பிரித்து மேய்ந்து, தன் முதல் ரேஸ் காரைக் கட்டினார். இடம்? காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கார் ஷெட். அங்கே தொடங்கியதுதான், பின்னாளில் ஃபார்முலா 1 உலகையே கலக்கிய ‘லோட்டஸ்’ நிறுவனம்.

1957-ல் லோட்டஸ் செவன் வந்தது. அப்போது இங்கிலாந்தில் முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி கட்ட வேண்டும். பாகங்களாக வாங்கினால் அந்த வரி கிடையாது. ஆனால், எப்படிப் பூட்டுவது என்ற குறிப்பை நிறுவனம் கூடவே தரக்கூடாது என்பது விதி. அதனால் ‘எப்படிக் கழற்றுவது’ என்ற குறிப்பைக் கொடுத்தார்கள், வாங்கியவர்கள் அதைக் கடைசியிலிருந்து படித்துக் காரைப் பூட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. 1973-ல் புதிய வரிமுறை வந்ததும் இந்தச் சலுகை போய்விட்டது. ஆனாலும், சொந்தக் கையால் கார் கட்டும் ஆசை அங்கே போகவில்லை. அதே ஆண்டு செவன் காரின் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் நிறுவனம், இன்றும் அதைக் கிட்டாக விற்கிறது.

1996-ல் ரான் சாம்பியன் என்பவர் ஒரு புத்தகம் எழுதினார். 250 பவுண்டு செலவில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது எப்படி என்பதுதான் விஷயம். இரும்புச் சதுரக் குழாய்களை வெட்டி வெல்டிங் வைத்துச் சட்டம், பழைய ஃபோர்டு எஸ்கார்ட் காரிலிருந்து இன்ஜினும் கியர்பாக்ஸும். அதைப் பார்த்துப் பல நாடுகளில் வீட்டு ஷெட்டுகளில் வெல்டிங் பொறி பறக்க ஆரம்பித்தது.

நகல் எப்படி உருவாகிறது?

கிட் காருக்கு முதலில் வேண்டியது தானம் தரும் ஒரு பழைய கார். இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் அதிலிருந்து வரும். இரண்டாவது, சேஸ். ஒரு கயிற்றுக் கட்டிலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடும். காலுக்கும் சட்டத்துக்கும் குறுக்கே ஒரு கட்டையை அடித்தால் ஆட்டம் நின்றுவிடும். அந்த முக்கோணம்தான் ரகசியம். மெல்லிய குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்தால், குறைந்த எடையில் உறுதியான கூடு கிடைக்கும். லோட்டஸ் செவன் அரை டன் எடைதான் இருக்கும். வண்டி லேசாக இருந்தால் சின்ன இன்ஜினே சீறிப் பாயும்.

மூன்றாவது, பாடி. அசல் காரின்மேல் அச்சு எடுத்து, அந்த அச்சுக்குள் கண்ணாடி இழையையும் ரெசினையும் அடுக்கடுக்காகப் பூசி எடுத்தால் அதே உருவம் ஃபைபரில் வந்துவிடும். 1960-களில் வந்த ஷெல்பி கோப்ரா என்ற கார் ஏறக்குறைய ஆயிரம்தான் தயாரானது. இன்று உலகில் ஓடும் கோப்ராக்களில் பெரும்பாலானவை இப்படிப் பிறந்த நகல்களே.

இந்தியாவிலும் முயற்சி நடந்தது. மகாராஷ்டிராவில் அலிபாக் அருகே சிங்காரா மோட்டார்ஸ் என்ற சிறு நிறுவனம், செவன் பாணியில் ஒரு ரோட்ஸ்டரைச் செய்தது. அதற்கு இன்ஜின் கொடுத்தது, நம் கான்டஸா காரில் இருந்த அதே இசுசூ 1.8 லிட்டர் இன்ஜின்!

2,000 ரூபாய் கார்

கோவைக்கு இந்த ஆசை அதற்கும் முன்பே வந்துவிட்டது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி.நாயுடு, 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய். ஆனால், தயாரிக்க அரசு லைசென்ஸ் கிடைக்காததால் அது அப்படியே நின்றுபோனது.

கார் செய்யும் திறமை கோவையில் இருந்தது. அதை ரோட்டில் இறக்கும் அனுமதிதான் கிடைக்கவில்லை. அடுத்த தலைமுறையில் வந்த ஒருவர், ரோட்டை விட்டுவிட்டு வேறு இடம் தேடினார்.

மாருதி இன்ஜினில் ஒரு ரேஸ் கார்

அவர் எஸ்.கரிவரதன். 1954-ல் பிறந்தவர், கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். நண்பர்களுக்கு ‘கரி’. தானே ரேஸ் ஓட்டியவர். ஆனால், ஸ்டியரிங்கைப் பிடிப்பதைவிட ஸ்பேனரைப் பிடிப்பதில் அவருக்கு ஆர்வம் அதிகம்.

அந்தக் காலத்தில் சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில்தான் கார் ரேஸ் நடக்கும். கோண்டல் மகாராஜா, விஜய் மல்லையா போன்றவர்கள் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்த ரேஸ் கார்களில் வந்து சீறுவார்கள். வேலிக்கு வெளியே நின்று கைதட்டும் இளைஞனுக்கு, அந்த சீட்டில் உட்காருவது கனவில்கூட நடக்காத காரியம்.

இந்த இடைவெளியைத்தான் கரிவரதன் குறைத்தார். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, சில ஆண்டுகளிலேயே ஊர் ஊராகப் பரவிவிட்டது. 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். ஸ்பேர் பார்ட்ஸ் எங்கும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். இரும்புக் குழாய்களால் ஆன சேஸில் ஒருவர் மட்டும் உட்காரும் சீட், அதற்குப் பின்னால் மாருதி இன்ஜின். பார்வைக்கு ஃபார்முலா காரின் தம்பி. 1980-களின் இறுதியில் களம் இறங்கிய அந்த வகைக்கு ‘ஃபார்முலா மாருதி’ என்று பெயர்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே இன்ஜின் என்பதால், பணம் அதிகம் வைத்திருப்பவர் ஜெயிப்பார் என்ற கணக்கு மாறியது. யார் நன்றாக ஓட்டுகிறாரோ அவர் முன்னால் வருவார். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான ரேஸ் டிராக்கும் வந்துவிட, புதிய பையன்கள் வர ஆரம்பித்தார்கள்.

1993-ல் ஃபார்முலா மாருதி ஓட்ட வந்தார் கோவையைச் சேர்ந்த ஒரு 16 வயதுப் பையன். பெயர், நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர்!

அதைப் பார்க்க கரிவரதன் இல்லை. 1995-ல் சிறு விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். அப்போது அவர் நாற்பதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். 2003-ல் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் ஒரு ரேஸ் டிராக் திறக்கப்பட்டது. சுமார் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள அதற்கு ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்றே பெயர் வைத்தார்கள். இன்று அங்கே ஓடும் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 கார்களும் கோவையில் கட்டப்பட்டவைதான். இன்ஜின் மட்டும் மாருதி 800-லிருந்து ஸ்விஃப்டுக்கு மாறியிருக்கிறது.

ரோட்டில் ஓட்டினால் என்ன?

இனி, நம்மூர்ப் பையனின் கேள்விக்கு வருவோம். கட்டிய காரைத் தாராபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரவுண்டு ஓட்டிவர முடியுமா?

முடியாது. மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி, ஒரு மாடல் ரோட்டுக்கு வரும் முன் அதன் முன்மாதிரி வண்டியை அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள மையம் போன்றவை இதற்காகவே இருக்கின்றன. பல்லாயிரம் கார் விற்கும் கம்பெனிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகும். ஒரே ஒரு கார் கட்டும் குடும்பத்துக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?

“கரூரில் மட்டும் பாடி கட்டுகிறார்களே?” என்று கேட்கலாம். பஸ் பாடிக்கென்று தனி விதிமுறை இருக்கிறது. அதன்படி அங்கீகாரம் வாங்கித்தான் அங்கே கட்டுகிறார்கள்.

சரி, பழைய காரின் ஆர்.சி. புக் கையில் இருக்கிறதே, அதே நம்பரில் ஓட்டினால்? அதுவும் சிக்கல்தான். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டும் சேர்த்தோ விதிக்கலாம்.

இங்கிலாந்தில் ஒற்றைக் காரையும் சோதித்து அனுமதிக்கும் முறை 1998 முதல் இருக்கிறது. பிரேக், விளக்கு, புகை, சீட் பெல்ட் பிடிமானம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனைவரை பார்ப்பார்கள். தேறினால் நம்பர் பிளேட். அப்படி ஒரு வழி இங்கே இல்லாதது, கைத்தொழில் தெரிந்த ஊர்களுக்கு இழப்புதான்.

அதற்காகச் சட்டத்தின் கவலையைத் தள்ளிவிட முடியாது. வெல்டிங் விட்டுப்போனால் இரும்பு கேட் கழன்று விழும், மறுபடி மாட்டிக்கொள்ளலாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் பிடிமானம் விட்டுப்போனால், எதிரே டூவீலரில் வரும் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது?

ஆசைப்படும் பிள்ளைக்கு என்ன வழி?

கரிவரதன் காட்டிய வழி இன்னும் திறந்தே இருக்கிறது. தாராபுரத்திலிருந்து கோவை சுமார் 80 கிலோமீட்டர். அங்கே அதே கரி டிராக்கில் ‘ஃபார்முலா பாரத்’ என்ற போட்டி நடக்கிறது. நாடெங்கும் உள்ள இன்ஜினீயரிங் மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய ரேஸ் காருடன் வருவார்கள். வேகத்துக்கு மட்டும் மார்க் இல்லை. ஏன் இப்படி வடிவமைத்தாய், என்ன செலவானது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். பிரேக் சோதனையில் நான்கு சக்கரமும் ஒருசேர லாக் ஆகாவிட்டால் காரை ஓடவே விட மாட்டார்கள்.

கல்லூரிக்குப் போகாத, பட்டறையில் வளர்ந்த பிள்ளைக்கும் இதில் இடம் உண்டு. ரேஸ் அணிகளுக்கு நல்ல வெல்டர், ஃபிட்டர், மெக்கானிக் எப்போதும் தேவை. ஐ.டி.ஐ. படிப்பும் கைப்பழக்கமும் அங்கே பெரிய சொத்து.

வீட்டிலேயே கட்டித்தான் பார்க்க வேண்டும் என்றால், ரோட்டுக்கு வராத காராகவே திட்டமிடுங்கள். வெல்டிங்கைத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். ஸ்டியரிங்கிலும் பிரேக்கிலும் சிக்கனம் வேண்டாம். நிறுவனம் தயாரித்த பாகங்களை அப்படியே பயன்படுத்துங்கள். டிராக்குக்குக் கொண்டுபோகும்போது டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. காரைப் பிரித்துப்போட்டுக் கையெல்லாம் கிரீஸோடு நிற்கும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை செட்டிபாளையம் டிராக்குக்கு ரேஸ் பார்க்க அழைத்துப் போங்கள். அங்கே ஓடும் கார்களைக் கட்டியதும் இதே போன்ற கைகள்தான்.