சிகிச்சை இலவசம்... ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆகும் செலவு?

காலில் சின்னதாக ஒரு புண். சர்க்கரை இருக்கிறது என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வலி இல்லை. மஞ்சளை வைத்து ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். தினக்கூலிக் குடும்பங்களில் இது சகஜம். உண்மையில் வலி இல்லாததுதான் ஆபத்து. சர்க்கரை நரம்புகளைப் பாதித்துவிட்டால், புண் ஆழமாகப் போவதே தெரியாது. தாமதமானால் விரலை எடுக்க வேண்டி வரும், சிலருக்குக் காலையே!

தமிழ்நாட்டில்தான் அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசமாயிற்றே, ஏன் போவதில்லை?

சென்னையையே எடுத்துக்கொள்வோம். நகரத்தின் ஆற்றங்கரைகளில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை 2000-ம் ஆண்டு வாக்கில் கண்ணகி நகருக்கு மாற்றத் தொடங்கினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஏராளமான குடும்பங்கள் பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளுக்குப் போயின. முன்பு ஜி.ஹெச்., ராயப்பேட்டை ஆஸ்பத்திரி எல்லாம் எட்டிப்போகிற தூரம். இப்போது பெரும்பாக்கத்திலிருந்து சென்ட்ரல் பக்கம் உள்ள ஜி.ஹெச்சுக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். காய்ச்சல், பிரஷர் மாத்திரைக்கு அருகிலேயே ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. ஸ்பெஷலிஸ்ட் பார்க்க வேண்டும் என்றால் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும்.

பெண்களுக்கு சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. பெரிய உதவிதான். ஆனால் புண்ணோடு நிற்க முடியாதவருக்கு ஆட்டோ வேண்டும். துணைக்கு ஒருவர் வேண்டும். ஏழாவது மாடியில் வீடு, அன்று பார்த்து லிஃப்ட் ஓடவில்லை என்றால், தூக்கி இறக்கவே இரண்டு ஆள் வேண்டும்.

அதைவிடப் பெரிய செலவு, நேரம். சர்க்கரை டெஸ்ட்டுக்கு வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும். பிறகு ரிசல்ட், டாக்டர், மாத்திரை என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. புற நோயாளிகள் பிரிவு காலையில்தான் என்பதால், சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அன்றைய கூலி போச்சு. கூட வந்தவர் கூலியும் போச்சு. 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று அவர் தள்ளிப்போடுவதை அறியாமை என்று சொல்வது நியாயமில்லை. அவர் கணக்குத் தெரிந்துதான் தள்ளிப்போடுகிறார்.

வீட்டுக்கே மாத்திரை வருமே என்று கேட்கலாம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து, மாத்திரை தருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இது வரம். ஆனால் விடியற்காலையில் கிளம்பிவிடுகிறவர் வீட்டில், பகலில் கதவு பூட்டியிருக்குமே?

அந்த வகையில், 2023 ஜூன் 6-ம் தேதி மாநிலம் முழுக்க 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தபோது வைத்த நேரம் நல்ல யோசனை: காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. வேலை முடிந்து திரும்பும் வழியில் டாக்டரைப் பார்க்கலாம், கூலி போகாது. உங்கள் பகுதியில் இந்த மையம் எங்கே இருக்கிறது என்று இன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தடை, காகிதம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதற்கு வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் வேண்டும். வீடு மாறியும் ரேஷன் கார்டில் பழைய முகவரியே இருந்தால் அலைச்சல் இரட்டிப்பாகும். அந்த அலைச்சலுக்கும் கூலி போகும்! முக்கியமான விஷயம், இந்தக் கார்டு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான். தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டு, வெளியே மருந்து வாங்கும் செலவு கையிலிருந்துதான்.

கார்டு இல்லாதவர்கள், நோய் வந்த பிறகு ஓடுவதைவிட இப்போதே வாங்கிவிடுவது நல்லது. சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசரம் என்றால் 108.

வீட்டில் சர்க்கரை உள்ளவர்கள் இருந்தால், இன்று இரவு படுக்கப் போகும் முன் அவர்கள் உள்ளங்காலை ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். விரல் இடுக்கையும் சேர்த்து.