நூறு ரூபாய்க்குப் போடுங்க!

பெட்ரோல் பங்கில் யாரும் லிட்டர் கணக்கில் கேட்பதில்லை. “நூறு ரூபாய்க்குப் போடுங்கண்ணே” என்பதுதான் வழக்கம். விலை ஏறினாலும் நீட்டுகிற நோட்டு அதேதான். வெள்ளிக்கிழமை வரை ஓட வேண்டிய வண்டி புதன்கிழமையே ரிசர்வுக்கு வந்துவிடும். 2021 ஜூலை தொடக்கத்தில் சென்னையில் பெட்ரோல் நூறைத் தாண்டியபோது, அந்த நூறு ரூபாய்க்கு முதல்முறையாக ஒரு லிட்டர்கூட வரவில்லை.

அம்மாவின் கணக்கு நோட்டில் ‘பெட்ரோல்’ என்று ஒரே ஒரு வரிதான் இருக்கும். அதை மட்டும் பார்த்தால் மாதம் இருநூறு, முந்நூறு கூடியதாகத் தெரியும். மிச்சமெல்லாம் வேறு பெயர்களில் ஒளிந்திருக்கிறது: ஸ்கூல் வேன், தண்ணி கேன், காய்கறி. நாசிக் வெங்காயம் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வந்துதான் கோயம்பேட்டில் இறங்குகிறது. டீசல் ஏறினால் லாரி வாடகை ஏறும். அது தெருமுனைக் கடையின் தராசு வரை வந்து சேரும். ஆட்டோவுக்கு 2013-இல் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதைப் பல ஆண்டுகள் திருத்தவே இல்லை. மீட்டர் அணைந்தது, பேரம் மிஞ்சியது.

ஏறுவதைவிட எனக்கு உறுத்துவது இறங்காமல் இருப்பதுதான். 2020 ஏப்ரலில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை அதலபாதாளத்துக்குப் போனது. அந்த லாபம் நம் கைக்கு வருமுன், மே மாதம் மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியை உயர்த்தியது. பிறகு 2022 மே மாதம் பெட்ரோலுக்கு 8 ரூபாய், டீசலுக்கு 6 ரூபாய் கலால் வரி குறைந்தது. எங்கள் தெருப் பிள்ளைகளின் வேன் கட்டணத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை.

டீக்கடையிலும் இதே கதை. 2022 மே மாதம் சென்னையில் 19 கிலோ வணிக சிலிண்டர் 2,508 ரூபாய். எங்கள் தெருக் கடைக்காரர் அப்போது டீக்கு இரண்டு ரூபாய் ஏற்றினார். 2024 ஜூலையில் அதே சிலிண்டர் 1,809.50 ரூபாய்க்கு வந்தது. டீ விலை அப்படியே நின்றது. “பால், சர்க்கரை, மாஸ்டர் சம்பளம் எல்லாம் ஏறிடுச்சே சார்” என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விலை ஏறுகிற நாட்களிலேயே வரியைக் குறைத்திருந்தால் அந்த இரண்டு ரூபாய் ஏறியே இருக்காது. தாமதமாகக் குறைக்கிற வரி பங்க் வாசலோடு நின்றுவிடுகிறது. அடுப்படி வரை வருவதில்லை. தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது நேராகக் கைக்கு வந்த உதவி. தையல் கம்பெனிக்குப் போகும் எதிர்வீட்டு அக்கா அந்தப் பேருந்துக் காசைத்தான் இன்றும் சீட்டுக்குக் கட்டுகிறார்.

எங்கள் வீட்டு சிலிண்டர் விவரம் சமையலறைக் காலண்டரில் இருக்கிறது. புதுசு மாட்டிய நாளை அம்மா பேனாவால் சுழித்து வைப்பார். 2021 ஜனவரியில் 710 ரூபாயாக இருந்தது, 2023 மார்ச்சில் 1,118.50 ஆனது. மேலே தூக்கி வருகிறவருக்குத் தருவது தனி. அப்போதுதான் துவரம்பருப்பை ராத்திரியே ஊறப்போட ஆரம்பித்தார். குக்கரில் சாதத்தோடு பருப்பும் ஒரே அடுக்கில் வேகும். வெந்நீர் வைப்பது ஒருவேளையாகக் குறைந்தது. சிலிண்டர் ஒரு வாரம் கூடுதலாக வந்தது.

2024 மார்ச்சில் விலை 818.50 ஆக இறங்கியது. “இனிமேலாவது ராத்திரி பருப்பை மறந்துட்டுத் தூங்குங்களேம்மா” என்றேன். “மறுபடி ஏத்த மாட்டாங்கன்னு உனக்கு யாரு சொன்னா?” என்று கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினார்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஐம்பது ரூபாய் ஏறியது.