விராலிமலை நிலமும் அதன் கல்லும்

விராலிமலை என்றவுடன் நம் நினைவில் எழுவன, குன்றின்மேல் அமைந்த முருகன் கோயிலும் அதனைச் சூழ்ந்து திரியும் மயில்களுமே. திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வூரைப் பேருந்துச் சாளரத்தின் வழியே கண்டோர் பலர். ஆயின், இங்கிருந்து இலுப்பூர், அன்னவாசல் வழியே புதுக்கோட்டை செல்லும் சாலையில் பயணம் செய்தோர் நம் மாணவரிடையே மிகச் சிலரே. வானம் பார்த்த பூமி, முட்புதர்க் காடு, இடையிடையே திடீரென எழும் மொட்டைப் பாறைகள். இந்நிலத்தை ஐந்திணையுள் எதில் அடக்கலாம் என்று வகுப்பில் ஒருமுறை வினவினோம். மாணவர் ஒருவர் சற்றும் தயங்காது, "பாலை ஐயா" என்றார். கண்ணுக்குத் தெரிவதைத்தான் அவர் சொன்னார். ஆயினும் அவ்விடை முழுதும் சரியன்று.

இந்நிலத்தின் செல்வம் கல். தஞ்சைச் சமவெளியில் மலை என ஒன்று இல்லை. 1010இல் நிறைவுற்ற பெரிய கோயிலுக்கான கற்கள் புதுக்கோட்டைப் பகுதியிலிருந்தே சென்றிருத்தல் வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அக்காலக் கல்தச்சர் பாறையில் உளியால் வரிசையாகக் குழியிட்டு, ஆப்பிறுக்கி, வேண்டிய அளவில் பிளந்தெடுத்தனர். அத்தகைய குழி வரிசைகளை இன்றும் இப்பகுதிப் பாறைகளிற் காணலாம். கோடிட்ட ஏட்டில் எழுதத் தொடங்கி, பாதியிலே எழுந்து போனவர்போல் அவர்கள் விட்டுச் சென்ற வரிசைகளும் உண்டு.

குடுமியான்மலையில் அதே கல் ஏடாகவே ஆயிற்று. அங்குள்ள குடைவரைக்கு அருகே, பாறையில் ஏழு பகுதிகளாகப் பொறிக்கப்பட்ட இசைக் கல்வெட்டு உலகறிந்தது. இதனை மகேந்திரவர்மனுக்கு உரியதாகக் கூறும் வழக்கு நெடுநாளையது. அதனை மறுப்போரும் உளர். இசையறிஞர் வியக்கும் அவ்வூருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அதனை நம் பாடநூல்கள் பேசுவதில்லை.

அவ்வூரை அடுத்த கல்குவாரிகளில் ஒப்பந்தக்காரர்களிடம் அடிமைபோல் உழைத்த ஏழைப் பெண்கள், 1990களின் தொடக்கத்தில் குழுக்களாக அமைந்து, அரசிடமிருந்து தாங்களே குவாரிகளைக் குத்தகைக்குப் பெற்றனர். சம்மட்டி பிடித்த கைகள் கணக்கேட்டையும் பிடித்தன. அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களிடம் கொண்டு சேர்த்த காலம் அது. மிதிவண்டி ஏறியோருள் நம் சமுதாயப் பெண்களும் இருந்தனர் என்பதை ஈண்டுப் பெருமையுடன் குறிக்கின்றோம். இதழாளர் பி. சாய்நாத் 1996இல் வெளிவந்த தம் நூலில் இவ்விரு செய்திகளையும் விரிவாக எழுதியுள்ளார். ஆதலின், கல்லுடைக்கும் தொழிலை ஒரே சொல்லில் பழித்துவிட நமக்கு மனம் வருவதில்லை.

எனினும் உளியின் காலம் வேறு, வெடிமருந்தின் காலம் வேறு. ஒரு தலைமுறை உடைத்த கல்லை இன்று இயந்திரம் சில நாளில் ஜல்லியாக்கிவிடுகிறது. சட்டம் காப்பனவும் உள. மயில் 1963இல் தேசியப் பறவையாயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காக்கிறது. (கடலைக் கொல்லை வைத்திருக்கும் உழவரிடம் மயிலின் அழகைப் பேசிப் பாருங்கள், வேறு விடை கிடைக்கும்.) மத்தியத் தொல்லியல் துறையின் காப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை குவாரிக்குத் தடை உண்டு. காப்புக்காடுகளின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாதெனத் தமிழக அரசு 2021 நவம்பரில் விதித்தது. 2022 டிசம்பரில் அவ்விலக்கிலிருந்து காப்புக்காடுகளை நீக்கிற்று. ஆக, செதுக்கிய கல்லுக்கும் சிறகுள்ள உயிருக்கும் காவல் உண்டு. செதுக்காத மொட்டைப் பாறைக்கு அத்தகைய காவல் இல்லை.

அம்மொட்டைப் பாறைதான் நீரைத் தாங்குகிறது! பாறையின் மேல் விழும் மழை வழிந்தோடிச் சுனையில் தேங்குகிறது. எஞ்சியது அடிவாரத்துக் கண்மாயை அடைகிறது. கோடையில் மயிலும் ஆடும் ஆட்டிடையரும் நம்பி வருவது அச்சுனையையே. கைவிடப்பட்ட குவாரிப் பள்ளத்திலும் நீர் நிற்கிறது. ஆனால் செங்குத்தாக வெட்டப்பட்ட அப்பள்ளத்தில் எந்த உயிர் இறங்கிப் பருகும்?

"பாலை" என்ற அம்மாணவரையும் உடன் அழைத்துக்கொண்டு நார்த்தாமலைக்குச் சென்றோம். ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த விசயாலய சோழீச்சரம் நிற்கும் மேலமலையில் தலையருவிச்சிங்கம் என்றொரு சுனை உண்டு. அதனுள்ளே ஒரு சிறு குடைவரையும், அதில் ஒரு லிங்கமும் நீரில் மூழ்கியுள்ளன. 1857இல் இராமச்சந்திரத் தொண்டைமானின் அரசியார் நீரை இறைக்கச் செய்து வழிபட்டார் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. நாம் சென்றது சித்திரை மாதத்தின் நண்பகல். சுனையில் நீர் இருந்தது. மாணவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். குடைவரை கண்ணுக்குத் தெரியவில்லை.